நாற்பத்தாறாம் பயணம்

பிலோமினம்மா ஜனவரி ஒன்பதாம் திகதி இறந்தார். வயது அறுபத்தேழு. பிறந்தது மன்னார், இருந்தது இல்ஃபோர்ட். அடக்கம், முப்பத்தோராம் நாள் பூசை எல்லாம் முடிந்தன. நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி மகன் றொஜனிடம் கேட்டார்கள். பிறந்த ஆண்டு, வந்த ஆண்டு, செய்த வேலை, இறந்த ஆண்டு என்று அவன் ஏழு வரி எழுதிக் கொடுத்தான். மீதி இடத்தில் அச்சகத்தார் ஒரு ரோசாப்பூவைப் போட்டுக்கொண்டார்கள்.

றொஜன் லிஃப்ட் திருத்தும் பொறியாளன். வயது நாற்பத்தொன்று. கிழக்கு லண்டனில் நூற்றிருபது லிஃப்டுகள் அவன் பொறுப்பில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவேடு. ஒவ்வொரு பழுதுக்கும் ஓர் எண், ஒரு நேரம், ஒரு காரணம். காரணம் தெரியாவிட்டால் அந்த வரியை மூட முடியாது. அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் வேலைக்குப் போனான். இன்னும் கொஞ்ச நாள் வீட்டில் நிற்கலாமே என்று மேலாளர் சொன்னபோது எதற்கு என்று அவனுக்கு விளங்கவில்லை. சாப்பாடு இறங்கியது. நித்திரை வந்தது. கண்ணீர் வரவில்லை. வரவில்லையே என்ற கவலையும் வரவில்லை.

அவனிடம் மூடாமல் கிடந்தது ஒரே ஒரு வரி. நவம்பரில் ஆஸ்பத்திரியில் டொக்டர் அம்மாவைப் பார்த்து, "ஜூலையில் நாம் பேசியதுபோல" என்று தொடங்கினார். றொஜன் அறிந்தவரை நோய் கண்டுபிடிக்கப்பட்டது அதற்கு முந்திய கிழமைதான். டொக்டர் போனதும் கேட்டான்.

"ஜூலையில என்னம்மா?"

"ஆர் கண்டது? வேற ஆற்றையோ கடதாசியைப் பாத்திட்டுக் கதைக்கிறார். ஒரு நாளைக்கு எத்தினை பேரைப் பாக்கிறது, பாவம்."

அதற்குப் பிறகு ஏழு கிழமை இருந்தார். அந்தக் கதை மறுபடி எழவில்லை.

ஏப்ரல் முடிவதற்குள் அம்மா வாடகைக்கு இருந்த கவுன்சில் வீட்டை ஒழித்துச் சாவியைக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை றொஜன் போனான். சாமான்கள் அதிகம் இல்லை. படுக்கையறை அலுமாரியில் இரண்டு தட்டு நிறைய ஆங்கில நாவல்கள். நூறு வருடத்துப் பழையவை, பழைய சாமான் விற்கும் சரிட்டிக் கடைகளில் வாங்கியவை. எல்லாம் ஒரே ரகம். நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து பயணம் போவார்கள். படகில், சைக்கிளில், குதிரை வண்டியில், அல்லது நடந்து. திட்டம் பெரிதாக இருக்கும், நடப்பது ஒன்றும் இராது. மழை பெய்யும். சாப்பாடு கெட்டுப்போகும். கதை சொல்பவன் கூட வந்தவர்களை மடையர்கள் என்பான். முழு மடையன் அவன்தான் என்பது வாசிக்கிறவருக்கு மட்டும் தெரியும்.

மன்னாரில் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்த காலத்திலேயே பிலோமினம்மாவுக்கு இந்தப் புத்தகங்கள் என்றால் உயிர். "ஒரு குடையை ஆர் பிடிக்கிறதெண்டு ரெண்டு பக்கம் சண்டை பிடிக்கிறாங்கள். உந்த வெள்ளைக்காரருக்கோ நாங்கள் பயந்தது?" என்பார். "இன்னொண்டு கவனிச்சியோ? உந்தப் புத்தகங்களில ஒருத்தரும் சாகிறேல்லை." றொஜன் கவனித்ததில்லை. அவன் அவற்றில் ஒன்றையும் முடித்ததில்லை.

லண்டனுக்கு வந்தபின் இருபது வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தார். அந்த இருபது வருடத்தில் அவர் போன இடமெல்லாம் ஏதோ ஒரு காரணத்துக்காகப் போன இடம். வேலைக்கு, கோயிலுக்கு, மகனின் பள்ளிக்கூடத்துக்கு, கையெழுத்துப் போடக் குரோய்டனுக்கு. அறுபது முடிந்த கிழமை லண்டன் முழுக்க இலவசமாகப் போய்வரும் அட்டை தபாலில் வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு மகனுக்குப் போன் எடுத்தார். "இனி எனக்கு ஒரு அலுவலும் இல்லாத இடத்துக்குப் போகப்போறன்" என்றார்.

தனியாகப் போனால் அந்தப் புத்தகங்கள்போல இராது. கூட்டு வேண்டும். இரண்டு பேர் ஆயத்தமாக இருந்தார்கள். ஒருவர் இம்மாகுலேற், பிளேஸ்டோவில் இருப்பவர், ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்து ஓய்ந்தவர், மாதா கோயில் பாடகர் குழுவில் எல்லோருக்கும் மேலே கேட்கும் குரல். மற்றவர் கனகாம்பிகை, யாழ்ப்பாணத்துச் சைவம், இல்ஃபோர்டில் புருஷனோடு பலசரக்குக் கடை வைத்திருப்பவர். மூவரும் அறிமுகமானது குரோய்டனில். அகதி விண்ணப்பம் பார்க்கும் அந்தப் பெரிய கட்டிடத்துக்கு வெளியே, தொண்ணூற்றேழாம் ஆண்டு, மழையில், கனகாம்பிகையின் குடைக்குக் கீழே.

ஆறேழு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை புறப்படுவார்கள். ஏதாவது ஒரு பஸ்ஸின் அல்லது ரயிலின் கடைசித் தரிப்புக்குப் போவார்கள். அங்கே பார்ப்பதற்கு என்று ஒன்றும் இருக்கக் கூடாது. அது விதி. கொண்டுபோன சாப்பாட்டை தரிப்பில் கிடக்கும் ஒரு நீள வாங்கில் இருந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். கனகாம்பிகையின் கடை வருடப் பிறப்புக்குக் கொடுக்கும் நாள்கலண்டரிலிருந்து பிலோமினம்மா காலையில் அன்றைய தாளைக் கிழித்துக் கைப்பையில் வைத்துக்கொள்வார். வழியில் அதன் பின்பக்கத்தில் துண்டு துண்டாகக் குறித்துக்கொள்வார். வீட்டுக்கு வந்தபின் அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு பயணக் கதையை ஒரு கொப்பியில் எழுதுவார். எழுதியதும் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவார். அடுத்த பயணத்தில், ரயிலில், கதை உரத்து வாசிக்கப்படும்.

கொப்பிகள் புத்தகங்களுக்குப் பக்கத்தில் இருந்தன. ஆறு. றொஜன் நிலத்தில் இருந்து முதலாவதைத் திறந்தான்.

"இம்மாகுலேற் மூன்று பைகளுடன் வந்து சேர்ந்தார். ஒன்றில் சாப்பாடு. இரண்டாவதில் அந்தச் சாப்பாடு கெட்டுப்போனால் சாப்பிடுவதற்குச் சாப்பாடு. மூன்றாவது எதற்கு என்று கேட்டேன். இந்த இரண்டும் அறுந்தால் போடுவதற்கு என்றார். கனகாம்பிகை தமக்கு வழி தெரியும் என்றார். உலகத்தில் நான் அஞ்சுகிற வார்த்தை இது ஒன்றுதான்."

பின்னேரம்வரை வாசித்தான். எங்கே சிரிக்க வேண்டும் என்பது தெரிந்தது. ஒவ்வொரு கதைக்கும் மேலே எண்ணும் திகதியும் இருந்தன. நாற்பத்தைந்துக்கு அடுத்தது நாற்பத்தேழு. பிறகு நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது. அத்துடன் கொப்பி முடிந்தது. நாற்பத்தாறு இல்லை. அந்த இடத்தில் ஒரு கலண்டர் தாள் செருகியிருந்தது. ஜூலை 12, சனி. பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தது.

9.40 பிளேஸ்டோ. இம்மா, மூன்று பை.
ஏர்ள்ஸ் கோர்ட். பிழையான ரயில். கனகா.
விம்பிள்டன். பற்றிஸ், நாய்.
டிராம். வெல்லஸ்லி றோட். இறங்கவில்லை.
நியூ அடிங்டன். கழிவறை தேடி இம்மா.
கனகா அழுகிறா. எழுத வேண்டாம்.

அவன் திகதிகளைப் பார்த்தான். நாற்பத்தைந்து வரை பயணங்களுக்கு இடையே ஆறு கிழமைக்குக் குறைந்ததில்லை. ஜூலைக்குப் பிறகு நாலு கிழமை, நாலு கிழமை, மூன்று கிழமை. எழுத்து அதே எழுத்து. பகிடியும் அதே பகிடி. அந்த மூன்று கதைகளையும் எழுதியபோது அம்மாவுக்குத் தெரிந்திருந்ததா? அதை அறிந்தால் வரியை மூடலாம்.

இம்மாகுலேற்றுக்குப் போன் எடுத்தான்.

"அன்ரி, போன ஜூலையில நியூ அடிங்டனில என்ன நடந்தது?"

"உப்பிடிப் போனில கேட்டா? அங்க போனாத்தான் எனக்கு ஞாபகம் வரும். கனகாவையும் கூட்டிக்கொண்டு வாறன். அவ முப்பத்தோராம் நாளுக்கும் கோயில்ல கடைசி வாங்கில இருந்திட்டுச் சாப்பிடாமல் போனவ. ஏனெண்டு கேக்கோணும்."

அடுத்த சனிக்கிழமை பிளேஸ்டோ ஸ்டேசனில் மூவரும் சந்தித்தார்கள். இம்மாகுலேற்றிடம் மூன்று பைகள் இருந்தன. கனகாம்பிகை மெலிந்திருந்தார். றொஜனின் கையைப் பிடித்தார், உடனே விட்டுவிட்டார்.

பழுது தேடும்போது நடுவிலிருந்து தொடங்கக் கூடாது. முதல் வரியின் மூன்று பைகள் முன்னாலேயே இருந்தன. ரயில் புறப்பட்டதும் றொஜன் தாளைத் தன் பக்கமாகப் பிடித்துக்கொண்டு இரண்டாம் வரியை வாசித்தான்.

"ஏர்ள்ஸ் கோர்ட். பிழையான ரயில். கனகா."

"நானோ?" என்றார் கனகாம்பிகை. "அதையும் என்ரை தலையிலயே கட்டினவ?"

"வேற ஆற்றை தலை கிடக்கு?" என்றார் இம்மாகுலேற். "தம்பி, கேள். உன்ரை அம்மாதான் 'இதுதான், இதுதான், கெதியா ஏறுங்கோ' எண்டு கத்தினது. கதவு பூட்டினாப் பிறகு பாத்தா அது ரிச்மண்ட் ரயில்."

"என்ன சொன்னவ?"

"'ரிச்மண்டும் ஒரு கடைசித் தரிப்புத்தானே' எண்டா. வெக்கம் எண்டு ஒண்டு அவவுக்கு இருந்ததில்லை."

"எல்லாக் கதையிலயும் வழி பிழைச்சது நான்," என்றார் கனகாம்பிகை. "உண்மையில பிழைக்கிறது அவ. கண்ணாடியை பஸ்ஸில விட்டது அவ. நித்திரை கொண்டு திரும்பவும் புறப்பட்ட இடத்துக்கே வந்தது அவ. எழுதேக்குள்ள பேரை மட்டும் மாத்திப்போடுவா. எனக்குக் கோவம் வரும். பேந்து அவ வாசிக்க நானே சிரிப்பன்."

றொஜன் போனில் குறித்துக்கொண்டான். காரணம், அம்மா. அவனுக்குத் தெரிந்த அம்மா ஒன்றையும் தொலைக்காதவர். அவனுடைய பிறப்புப் பத்திரத்தின் எட்டுப் பிரதிகளை எட்டு உறைகளில் வைத்திருந்தவர். பஸ்ஸில் கண்ணாடியை விட்டுவிட்டுச் சிரிக்கும் ஒருவரை அவன் சந்தித்ததில்லை.

ஏர்ள்ஸ் கோர்ட்டில் சரியான ரயிலுக்கு மாறினார்கள். விம்பிள்டனில் டிராமுக்குக் காத்து நின்றபோது மூன்றாம் வரிக்கு வந்தான்.

"அது இந்த இடத்திலதான்," என்றார் இம்மாகுலேற். "ஒரு கிழவன்ரை நாய். பைக்குள்ள தலையை விட்டு நான் பொரிச்ச பற்றிஸ் ஒண்டை எடுத்திட்டுது. உள்ளுக்கு மீனும் என்ரை மிளகாயும். நாய் சுத்திச் சுத்தி ஓடுது. உன்ரை அம்மா நேர கிழவனிட்டப் போய், அந்தப் புத்தகத்து இங்கிலீஸில, 'ஐயா, தங்கள் நாயாருக்கு நேர்ந்த இன்னலுக்கு நாங்கள் மூவரும் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம்' எண்ட மாதிரி ஒரு பேச்சு. கிழவன் தொப்பியைக் கழட்டிப்போட்டான்."

"தொப்பி போட்டிருக்கேல்லை அவர்," என்றார் கனகாம்பிகை.

"போட்டிருந்தவர்."

"தொப்பி இருந்தா நாய்க்கு ஏன் என்ரை கையில தண்ணி வாத்தது? தொப்பியிலயே வாத்திருக்கலாமே?"

இம்மாகுலேற் சிரித்தார். கனகாம்பிகையும் சிரிக்கப் பார்த்தார். பாதியில் முகத்தைத் திருப்பி, வராத டிராமை எட்டிப் பார்த்தார். றொஜன் அதைக் கண்டான்.

டிராம் வந்தது. மூன்று இருக்கைகள் சேர்ந்தாற்போல் கிடைத்தன. வீடுகளின் பின்பக்கங்கள் போயின. தோட்டங்களில் மழையில் நனைந்த கதிரைகள். குரோய்டனுக்குள் வளைந்து திரும்பி வெல்லஸ்லி றோட்டில் நின்றபோது இரண்டு பேரும் யன்னல் பக்கம் திரும்பினார்கள். அகதி விண்ணப்பம் கொடுத்த அந்தக் கட்டிடம் நேரே நின்றது.

"இறங்கவில்லை," என்று றொஜன் வாசித்தான்.

"நான்தான் இறங்கேல்லை," என்றார் இம்மாகுலேற். "உன்ரை அம்மாவுக்கு இதுக்கு முன்னால வாங்கில இருந்து பற்றிஸ் சாப்பிடோணுமாம். அதுதான் பயணமே. 'அண்டைக்கு உள்ளுக்கு விடமாட்டாங்களோ எண்டு நிண்டனாங்கள், இண்டைக்கு உள்ளுக்குப் போகமாட்டம் எண்டு இருப்பம்' எண்டா. நான் இருக்கைக் கம்பியைப் பிடிச்சதுதான், விடேல்லை. எல்லாக் கடதாசியும் இருக்கு, பாஸ்போட் இருக்கு. எண்டாலும் விடேல்லை. அவ அதைக் கண்டிட்டா. எழும்பினவ திரும்பி இருந்திட்டா."

டிராம் புறப்பட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இம்மாகுலேற் கையை நீட்டினார்.

"தா, மிச்சம் என்னெண்டு பாப்பம். நீ வாத்தியார் மாதிரி ஒவ்வொண்டா விடுறாய்."

அவன் இழுத்துக்கொள்வதற்குள் தாள் அவர் கைக்குப் போய்விட்டது. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார். ஒரு முறை. பிறகு உரத்து.

"'கனகா அழுகிறா. எழுத வேண்டாம்.' இதென்ன கனகா?"

"எனக்குப் பல்லுக்குத்து," என்றார் கனகாம்பிகை.

"உமக்கு முழுக்கக் கட்டின பல்லு."

முன்னால் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். கனகாம்பிகை மடியில் கிடந்த பையின் காதைச் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். டிராம் ஈஸ்ட் குரோய்டனைத் தாண்டி மரங்களுக்குள் ஏறத் தொடங்கியது.

"அன்ரி," என்றான் றொஜன். "அம்மாவுக்கு ஜூலையிலயே தெரியுமோ?"

"ஓம்."

கனகாம்பிகை பையின் காதை விட்டார்.

"இம்மா கழிவறை தேடிப் போனவ. வர அரை மணித்தியாலம் ஆச்சுது. நாங்கள் ரெண்டு பேரும் வாங்கில. 'எனக்கு ஒரு கட்டி கிடக்காம். வெட்டி எடுக்க ஏலாத இடமாம். வருசக் கடைசி மட்டில எண்டினம்.' பஸ் நேரம் சொல்லுற மாதிரிச் சொன்னவ. எனக்கு அழுகை வந்திட்டுது. உடன பென்சிலை எடுத்து உந்தத் தாளில எழுதினா. எழுதிக்கொண்டே, 'நிப்பாட்டும், கதை கெட்டுப்போம்' எண்டா. சத்தியம் வாங்கினவ. என்ரை பிள்ளையார் மேலயும் வாங்கி, தன்ரை மாதா மேலயும் வாங்கினவ."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

அவன் குரலில் ஒன்றும் இருக்கவில்லை. லிஃப்ட் எந்த மாடியில் நின்றது என்று காவலாளியிடம் கேட்கும் குரல்.

"அவனுக்குச் சொன்னா அவன் திருத்தப் பாப்பான் எண்டா. திருத்த ஏலாதெண்டு டொக்டர் சொன்னது அவனுக்குக் காணாது, வேலையை விட்டிட்டு வந்திருந்து திருத்துவான், எனக்குப் பயணம் போக ஏலாமல் போம் எண்டா. நான் சண்டை பிடிச்சனான் தம்பி. பிள்ளைக்குச் சொல்லாமல் இருக்கிறது பாவம் எண்டு. பேந்து சரியெண்டு ஒருநாள் வந்தவதானே உன்ரை வீட்டை? ஓகஸ்ட், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான்தான் பஸ் ஏத்தி விட்டனான். சொல்லத்தான் வந்தவ."

றொஜனுக்கு அந்த ஞாயிறு ஞாபகம் இருந்தது. அம்மா வந்து கால்மணி நேரத்தில் போன் வந்தது. பதினொரு மாடிக் கட்டிடம், ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் இடையில் லிஃப்ட், உள்ளே இரண்டு பேர். கதவு உணரியில் தூசி. 2.20க்குப் போனான், 2.55க்கு ஆட்களை இறக்கினான், அத்துடன் வராமல் மற்ற லிஃப்டையும் பார்த்தான். இவ்வளவும் ஞாபகம் இருந்தது. அம்மா என்ன உடுத்தியிருந்தார் என்பது ஞாபகம் இல்லை.

"எனக்கு?" என்றார் இம்மாகுலேற். மிக மெல்லக் கேட்டார். "எனக்கு ஏன் சொல்லேல்லை?"

கனகாம்பிகை பையின் காதை மறுபடி சுற்றினார்.

"கேக்கிறன் எல்லோ?"

"நீர் பூசையில மன்றாட்டில சொல்லிப்போடுவீர் எண்டா. ஒரு ஞாயிறில முழுப் பங்குச் சனத்துக்கும் தெரிஞ்சுபோம் எண்டா."

டிராம் நின்றது. கூம்ப் லேன். இம்மாகுலேற் எழுந்து கதவுப் பொத்தானை அழுத்தினார், இறங்கினார். பைகளை எடுக்கவில்லை. பின்னால் திரும்பவும் இல்லை. ஒரு கணம் பார்த்துவிட்டு றொஜன் பின்னால் குதித்தான். கதவு மூடியது. கனகாம்பிகை யன்னலில் கையை வைத்தபடி, மூன்று பைகளோடு போனார்.

தரிப்பைச் சுற்றி மரங்கள். கடை இல்லை, வீடு இல்லை. அடுத்த டிராம் பதினைந்து நிமிடம் என்று பலகை காட்டியது. இம்மாகுலேற் பலகைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார்.

"இருபத்தெட்டு வருசம்," என்றார். "உன்ரை அப்பா செத்த அண்டு அவவின்ரை முதல் போன் எனக்குத்தான். உந்த வாய்க்குப் பயந்து எனக்குச் சொல்லேல்லையாம். ஒக்டோபரில நான் என்ன சொன்னன் தெரியுமோ? 'வடிவா மெலிஞ்சிட்டீர், எப்பிடி?' எண்டு கேட்டன். உவள் கனகா பக்கத்தில இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்."

"மன்றாட்டில சொல்லியிருப்பீங்களோ அன்ரி?"

அவர் அவனை முறைத்தார். பிறகு மரங்களைப் பார்த்தார்.

"சொல்லித்தான் இருப்பன். மன்றாடாமல் வேற என்ன செய்யிறது?"

மழைத் தூறல் விழுந்தது. இரண்டு பேரும் கூரைக்குக் கீழே நகர்ந்தார்கள்.

"எனக்குச் சொல்ல வந்தவ," என்றான் றொஜன். "நான் லிஃப்ட் பாக்கப் போயிட்டன்."

"அவ நிண்டவவோ?"

"நான் வர நாலு மணித்தியாலம். சமைச்சு வைச்சிட்டுப் போயிட்டா."

"என்ன கறி?"

"கணவாய்."

"சாப்பிட்டனியோ?"

"ஓம். எல்லாம்."

"அண்டைக்கு இரவு போன் எடுத்தவவோ?"

"எடுத்தவ. கறி நல்லா இருந்ததெண்டு சொன்னன். லிஃப்டில நிண்ட ரெண்டு பேரும் சுகமோ எண்டு கேட்டவ. வேற ஒண்டும் கேக்கேல்லை."

இம்மாகுலேற் அவனுடைய கையின் மேல்பக்கத்தைப் பிடித்தார். பிடி இறுக்கமாக இருந்தது. அவனுக்கு அது தெரிந்தது, ஒரு பொருளின் எடை தெரிவதுபோல. இப்போது வரியை மூடலாம். ஜூலையில் தெரிந்திருந்தது. சொல்ல வந்தார். கேட்க ஆள் இருக்கவில்லை. காரணம் எழுதும் இடத்தில் யாருடைய பெயரை எழுதுவது என்று யோசித்தான். அம்மா என்றால் இந்நேரம் கனகாம்பிகையின் பெயரை எழுதியிருப்பார்.

அவனுடைய போன் அடித்தது.

"தம்பி, நான் கடைசித் தரிப்பில நிக்கிறன்," என்றார் கனகாம்பிகை. பின்னால் டிராம் மணி கேட்டது. "மூண்டு பையும் என்னட்டக் கிடக்கு. ஒருத்தர் வந்து வழி தெரியாமல் நிக்கிறீங்களோ எண்டு கேக்கிறார். வாறீங்களோ, நான் திரும்பிப் போகவோ? இம்மா பக்கத்தில நிக்கிறாவோ? அவ கதைக்காட்டிலும் பரவாயில்லை. பையை மட்டும் எங்க வைக்கிறதெண்டு கேட்டுச் சொல்லு."

றொஜன் போனை ஒலிபெருக்கியில் போட்டு இம்மாகுலேற்றுக்கு முன்னால் நீட்டினான். அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பலகையில் மூன்று நிமிடம் என்பது இரண்டாகியது. போனுக்குள் கனகாம்பிகையின் மூச்சுக் கேட்டது. அவன் கையை இறக்கவில்லை.

"கனகா," என்றார் இம்மாகுலேற். "பச்சைப் பையில பிளாஸ்க் கிடக்கு. திறக்காதேயும். மூடி சரியில்லை, ஊத்துப்படும்."

"திறந்திட்டன்."

"எனக்குத் தெரியும்."

"கொஞ்சம்தான் ஊத்துப்பட்டது. பற்றிஸ் நனையேல்லை."

"அந்த மனுசனுக்கு ஒண்டு குடும். வழி தெரியுமோ எண்டு கேட்டவர் எல்லோ. காரம் எண்டு சொல்லிப்போட்டுக் குடும்." தண்டவாளத்தை எட்டிப் பார்த்தார். "அங்கயே நில்லும். நாங்கள் வாறம்."

வளைவில் டிராம் தெரிந்தது. றொஜன் கையை நீட்டி நிறுத்தப் பார்த்தான். அது எப்படியும் நிற்கும் என்று இம்மாகுலேற் சொன்னார்.